நான் எழுதாமல் விட்ட சாக்கடை

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களை நேராக வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி இருந்தது. நாங்கள் போட்டிருந்த ஊதாச் சட்டை, கழுத்தில் தொங்கிய அட்டை, கையிலிருந்த மாப்பு எல்லாம் அந்தக் கம்பெனியுடையவை. ஒரு நாள் காலையில் மேனேஜர் சார் எங்கள் பதினாலு பேரையும் லிஃப்டுக்குப் பின்னால் கூப்பிட்டு நிறுத்தினார். கரண்டு, தண்ணீர், கட்டடம், துப்புரவு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஒண்ணாந் தேதியிலேருந்து வேற கம்பெனி வருது. யாரும் பயப்பட வேண்டாம். கம்பெனிதான் மாறுது, ஆளுங்க மாறல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மாறுனதே நோயாளிங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"அப்ப சட்டை கலரு மாறுமா சார்? இந்த ஊதா எனக்கு எடுப்பாவே இல்ல" என்று கேட்டாள் அரும்பாவூரிலிருந்து வருகிற பெண். எங்களில் வாய் உள்ளவள் அவள்தான்.

"மாறும்மா. பச்சை."

"பச்சையா? போச்சு போங்க. எங்க வூட்டுக்காரரு கிளின்னுதான் கூப்புடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சார் சொன்னால் அப்படியே நடக்கும் என்று நம்பினேன்.

அதற்கு நாலாம் நாள் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தது. கல்யாணமாகாத பிள்ளை, நல்ல மாதிரியாகப் பேசியது. எல்லோருடைய ஆதார் நகலையும் வாங்கி அடுக்கிக்கொண்டே வந்து என்னுடையதில் நிறுத்தியது.

"பாட்டி, உங்களுக்கு அறுபத்தி நாலுங்களா?"

தலையை ஆட்டினேன்.

"எங்க கம்பெனியில அறுபது வரைக்கும்தான் பாட்டி எடுப்பாங்க. அதுக்கு மேல போனா இன்சூரன்ஸ் போட முடியாது. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"சரிங்க" என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் எதற்குச் சரி என்று சொன்னேன் என்று புரிந்தது. கைப்பிடிக் கம்பியைத் துடைக்கிறவள் போலப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அறுபத்தி நாலு என் வயது இல்லை. என் அண்ணன் எனக்கு நாலு வருஷம் மூத்தவர். அவருடைய கார்டில் அறுபத்திரண்டு. அப்படியென்றால் எனக்கு ஐம்பத்தெட்டு. கார்டில் மட்டும் நான் அண்ணனுக்கே அக்கா. ஆதாருக்குப் படம் பிடிக்க வந்தபோது பிறந்த தேதி கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் என் விலாவில் இடித்து, "கூட்டிச் சொல்லு, முதியோர் பணம் சீக்கிரம் வரும்" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். எழுதுகிறவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வயதைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். பிறகு முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டபோது, சம்பாதிக்கிற மகன் இருக்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். மகன் திருப்பூரில் இருக்கிறான். பொங்கலுக்கு ஒரு போன் வரும். அந்தப் பணமும் இல்லை, அந்த ஆறு வருஷத்தைத் திரும்ப இறக்கி வைக்கவும் வழியில்லை.

அரியலூரில் ஒற்றை அறை வாடகைக்கு இருந்தோம், நானும் என் கணவரும். அவர் சிமெண்டு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும், எனக்கு மட்டும்தான் புரியும். காலையில் நான் அவரைத் துடைத்து, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். மத்தியானம் அடுத்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுப்பாள். வாடகையும் மாத்திரையும் என் ஒரு ஆள் வேலையில்தான் ஓடின. வேலை போனால் எது முதலில் நிற்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதத்தில் நிற்கும் என்றுதான் பட்டது.

சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் பேசியது "சரிங்க சார்", "ஆச்சுங்க சார்" இரண்டுதான். அவர் வருகிற நடையில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்பேன். பயம் என்று இல்லை. ஆம்பிளைகளிடம், படித்தவர்களிடம் பேச வாயைத் திறந்தால் வார்த்தை வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான்.

சொல்ல முடியாமல் நான் திரிந்துகொண்டிருந்த நாளில் சாரே என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கதானே? அஞ்சாவது வரைக்கும்னு பழைய ஃபாரத்துல இருந்துச்சு."

"ஆமாங்க சார்."

"புதுக் கம்பெனி பாதி ஆளுங்கள அவங்களே கொண்டாராங்களாம். புதுசா வர்றவங்களுக்கு எந்த எடத்துல எது எப்படின்னு ஒண்ணும் தெரியாது. பழைய கம்பெனிக்காரங்க ஒரு தாளு கூடக் குடுக்க மாட்டேங்குறாங்க, அவங்களுக்குக் கோவம். நீங்க மாடி மாடியா எழுதிக் குடுங்க. எத்தன மணிக்கு எத கழுவறது, எது எங்க ஒழுவுது, எதுல என்ன ஊத்தக் கூடாது. உங்களுக்குத் தெரிஞ்ச அளவு இங்க யாருக்கும் தெரியாதும்மா."

அவருக்கு என் வயது விஷயம் இன்னும் தெரியாது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. நோட்டை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அரும்பாவூர்க்காரி நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஏக்கா, உன்னைய எடுக்க மாட்டேன்னுட்டாங்க. நீ அவங்களுக்கு நோட்டு எழுதுறியா? பைத்தியமா ஒனக்கு?"

"சாரு கேட்டாரு."

"சாரு கேப்பாரு. எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நீ எதுக்கு? நோட்டே போதுமே. நான் சொல்றதக் கேளு. ரெண்டு சமாச்சாரத்த வுட்டுட்டு எழுது. அவளுவ தெணறட்டும். 'எங்கடா அந்தக் கெழவி'ன்னு கார் வச்சுத் தேடிக்கிட்டு வருவாங்க ஒன் வூட்டுக்கு."

"கார் எங்க தெருவுல நொழையாதுடி" என்றேன்.

"அப்ப ஆட்டோவுல வரட்டும்."

சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தோம். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே எனக்காக சாரிடம் போய், "அந்த அக்காவ எடுக்க மாட்டேங்குறாங்க சார், கார்டுல வயசு தப்பு சார்" என்று சொல்லிவிட்டாள். சார் என்னைக் கூப்பிட்டார். வயதுக்கு வேறு ஏதாவது சான்று இருக்கிறதா, பள்ளிக்கூடத்துத் தாள் ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தால் ஆதாரிலேயே மாற்றிவிடலாம், அதைக் காட்டிப் புதுக் கம்பெனியிடம் பேசலாம் என்றார். எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விக்கிரமங்கலம் போனேன். நான் படித்த பள்ளிக்கூடம் அங்கேதான். கட்டடம் புதிது. தலைமை ஆசிரியை அம்மா நல்லவர். பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மேசைமேல் எடுத்துப் போட்டு, தூசி தட்டி, விரலால் தடவித் தடவித் தேடினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் அப்பா பெயர் கிடைத்தது. ஊர், தெரு எல்லாம் சரி. பிறந்த தேதியும் இருந்தது. என் கணக்குப்படியே ஐம்பத்தெட்டு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஆனா பேரு வேறயா இருக்கேம்மா" என்றார் அவர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் வகுப்பில் என் பெயரிலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று வாத்தியார் எனக்கு வேறு ஒரு பெயர் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்தப் பெயர். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணத்தோடு நானும் அதை மறந்துபோனேன்.

"அது நான்தாங்க."

"எனக்குப் புரியுதும்மா. நான் எப்படிம்மா எழுதிக் குடுக்கறது? பேரு ஒண்ணு, கார்டு ஒண்ணு. கோர்ட்டுல ஒரு தாளு வாங்கி, கெஜட்டுல போட்டு, அப்புறம்தான் ஆகும். மாசக்கணக்குல ஆகும்."

ஒண்ணாந் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த அம்மா எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பஸ்ஸுக்கு நின்றபோது, இந்த உலகத்தில் என் உண்மையான வயது எழுதியிருக்கிற ஒரே இடத்தில் நான் வேறு யாரோவாக இருக்கிறேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணாலேயே கேட்டார். "பேரு ஒத்துப்போவல" என்றேன். அவர் இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

நோட்டை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாம் மாடி மூன்றாவது பாத்ரூமில் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட வேண்டும். லேப் தரையில் ஈர மாப்பு போட்டால் வெள்ளை வெள்ளையாகக் காயும், இரண்டு தடவை துடைக்க வேண்டும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் தண்ணீரையும் ஒரே வாளியில் ஊற்றவே கூடாது, மூச்சடைக்கும். ஐ.சி.யு. வாசலில் காலை ஆறரைக்குள் முடிக்க வேண்டும், அப்புறம் டாக்டர் வந்துவிடுவார். ஊசிக் குப்பை வெள்ளை டப்பா, இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை. ஒவ்வொன்றாக எழுதும்போது, ஒரு வீட்டுச் சாமானைத் தூக்கித் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி இருந்தது. முப்பத்தேழு பக்கம் ஆயிற்று. பிரசவ வார்டு மட்டும் பாக்கி.

பிரசவ வார்டு தரைத் தளத்தில் இருக்கிறது. அதன் பாத்ரூம் தண்ணீர் போகிற குழாயும் மேல் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயும் பின்பக்கம் ஜெனரேட்டர் அருகில் ஒரே தொட்டியில் சேரும். தொட்டிக்கு முன்னால் குழாய் ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவில் தினமும் ஏதாவது போய்ச் சிக்கிக்கொள்ளும். பஞ்சு, துணி, நாப்கின். காலையில் யாராவது மூடியைத் தூக்கி மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து மணிவாக்கில் மேல் மாடியில் எல்லோரும் குளித்து இறங்குகிற தண்ணீர் போக இடமில்லாமல் பிரசவ வார்டு பாத்ரூமில் மேலே வரும். வெறும் தண்ணீராக வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் அப்படி வந்தது. நான் கழுவியது தப்பாகி, என்னால்தான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து நடுங்கிவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் பின்னால் ஓடிப்போய் மூடியைத் தூக்கிக் குத்திவிட்டேன். சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அதிலிருந்து தினமும் வந்ததும் முதல் வேலை அதுதான். லீவு போடுகிற நாளுக்கு அரும்பாவூர்க்காரியிடம் சொல்லிவிட்டுப் போவேன். ஒன்பது வருஷமாக அங்கே ஒரு குழாய் கெட்டிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் பிரசவ வார்டு என்று தலைப்புப் போட்டேன். கட்டில் துடைப்பதை எழுதினேன். தொட்டில் துடைப்பதை எழுதினேன். பாத்ரூம் காலையில் இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று எழுதினேன். பேனா அங்கே நின்றது. மூடியைத் திருகி பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டேன். மறந்ததாக நானே என்னை நம்ப வைக்கக்கூட முயற்சி பண்ணவில்லை.

சார் நோட்டை வாங்கி அங்கேயே நின்று பத்து பக்கம் படித்தார். "இது பொக்கிஷம்மா" என்றார். அப்புறம், "மொதல் மூணு நாளு நீங்க வந்து கூட நின்னு காட்டிக் குடுங்க. அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். "சரிங்க சார்" என்றேன்.

ஒண்ணாந் தேதி போனபோது எல்லோரும் பச்சைச் சட்டையில் இருந்தார்கள். நான் மட்டும் சேலையோடு நின்றேன். அரும்பாவூர்க்காரியைப் புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருந்தது. தரைத் தளத்துக்கு எல்லாம் புது ஆட்கள். ஒவ்வொரு மாடியிலும் சாமான் அறைக் கதவில் என் நோட்டுப் பக்கங்களைப் படியெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கோணல் கோணலான என் எழுத்தைப் பெரிய பெரிய பெண்கள் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பின்பக்கம் போகவில்லை. கால் அதுவாகவே ஜெனரேட்டர் பக்கம் திரும்பியது, ஒன்பது வருஷப் பழக்கம். பிடித்து இழுத்து நிறுத்திய மாதிரி நிறுத்தினேன். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளைக்கு மாப்பு பிழிவதைக் காட்டிக் கொடுத்தேன். வரட்டும், கொஞ்சமாக வரட்டும், யாரும் உள்ளே இல்லாதபோது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதையெல்லாம் கேட்க ஒரு சாமி இருக்குமா என்று அப்போது யோசிக்கவில்லை.

பத்து மணி இருக்கும். வார்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல். "ஐயோ, இது என்ன கண்றாவி! யாராச்சும் வாங்களேன்!"

ஓடினேன். ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த பெண், முந்தின நாள்தான் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவள், பாத்ரூமின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வெறும் கால். சுற்றிலும் கறுத்த தண்ணீர், கணுக்காலுக்கு மேல். அதில் என்னென்னவோ மிதந்தன. ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் தையல் போட்ட வயிற்றையும் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து வைக்கப் பயந்து, வழுக்கிவிடும் என்று அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். புதுப் பிள்ளைகள் இரண்டு பேர் மாப்போடு நின்று என் எழுத்து தொங்குகிற கதவைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

தண்ணீரில் இறங்கி அவளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கின மாதிரி வெளியே கொண்டுவந்தேன். அவள் எடையே இல்லாதவள் மாதிரி இருந்தாள், உடம்பெல்லாம் சில்லிட்டு. அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மூடியைத் தூக்கி, பிளாச்சை எடுத்துக் குத்தினேன். அவசரத்தில் நாலைந்து தடவை தவறியது. பிறகு உள்ளே ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் இறங்கியது. நிமிர்ந்தால் சாரும் அந்தப் புதுக் கம்பெனிப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். மூடி எங்கே, பிளாச்சு எங்கே என்று யாரும் சொல்லாமல் நான் நேராக அங்கே போனதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

நர்ஸம்மா அந்தப் பெண்ணின் கால்களைக் கழுவி, தையலுக்குப் புதுக் கட்டுப் போட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் கூட இருந்து பார்க்கலாம் என்றார். நான் வார்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வரலன்னா எம் புள்ள அதுலேயே வுழுந்திருக்கும்ங்க. நீங்க நல்லாருக்கணும். ஒங்க புள்ளைங்க நல்லாருக்கணும்."

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்னவோ தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அந்தப் புதுக் கம்பெனிப் பெண்ணும் இருந்தது.

"இது நோட்டுல இல்லியேம்மா. மறந்துட்டீங்களா?"

அவர் எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டார். ஆமாங்க சார் என்று சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தை எனக்கு நன்றாகப் பழகினதுதான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"இல்லீங்க சார். வேணும்னேதான் எழுதல."

"எதுக்கு?"

"தண்ணி மேல வந்தா என்னையத் தேடுவீங்கன்னு நெனைச்சேன் சார்."

அந்தக் கம்பெனிப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டது. சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தன வருஷமா இது இப்படி இருக்கு?"

"ஒம்பது வருஷங்க."

"ஒம்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே நாள்ல மாத்தியிருப்பேனேம்மா!"

"நான்தான் அடைச்சேன்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேங்க சார்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் அதுவாகப் பேசியது. "சார், எனக்கு வேல வேணும் சார். வூட்ல அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு. எந்த வேலயா இருந்தாலும் பரவால்ல சார்."

ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட ஒரே விஷயம் அது.

"இன்னிக்கு சாயங்காலம் அவங்ககிட்ட உங்களப் பத்திப் பேசலாம்னுதான்ம்மா இருந்தேன்" என்றார். "அந்த நோட்ட வச்சுக்கிட்டு. சொல்லிக் குடுக்குற ஆளா வச்சுக்கங்கன்னு கேக்கலாம்னு. ஒத்துக்கிட்டிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா இப்ப நான் எந்த வாயால கேப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே பிளம்பர் இரண்டு பேர் வந்து தரையை உடைத்து, வளைவை எடுத்துவிட்டு, அகலமான குழாய் போட்டு நேராக்கினார்கள். நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. எடுத்துப்போட்ட பழைய வளைவு என் முழங்கை அளவுகூட இல்லை.

சாயங்காலம் அரும்பாவூர்க்காரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது.

"நான் ஒரு கேன முண்டம்க்கா. வெளையாட்டா ஒளறுனேன்."

"நீ ஒளறுன. நான்தானே வுட்டுட்டு எழுதுனேன்."

"மறந்துட்டேன்னு ஒரு பொய்யி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வாயில வரலடி."

"பேச வேண்டிய நாளெல்லாம் பேச மாட்ட. பேசக் கூடாத அன்னிக்குப் பேசு" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கி இரண்டு நாளும் போனேன். சார் வர வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் போனேன். எதையும் விடாமல் காட்டிக் கொடுத்தேன். புதுக் கம்பெனிப் பெண் என்னிடம் பேசவில்லை, ஆனால் நான் சொல்வதை ஒட்டி நின்று கேட்டுக் குறித்துக்கொண்டது. அந்த ரஞ்சன்குடிப் பெண் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா எனக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பையில் போட்டாள். சாரிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது என்னை அரிக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் பழைய அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கும் கம்பெனி மாறினது தெரியாது, அந்த ஒருத்தியைத் தவிர.

அப்புறம் அரியலூரிலேயே கதவு கதவாகப் போய்க் கேட்டேன். துணிக்கடை, லாட்ஜ், ஸ்கூல். எல்லா இடத்திலும் கார்டு கேட்டார்கள். வாடகை நின்றதும் வீட்டுச் சொந்தக்காரர் முதலில் நன்றாகத்தான் பேசினார், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். படுக்கையில் கிடந்தவருடைய மாத்திரையை இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைத்தேன். அவருக்குத் தெரியும், கேட்கவில்லை. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கார்டு கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பந்தி எடுத்து இலை வாரி, தரை கழுவி விடுகிற வேலை. முகூர்த்த நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். வைகாசியில் பதினோரு நாள் கூப்பிட்டார்கள். ஆனியிலும் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் மாத்திரை இரண்டு வேளையும் கொடுத்தேன்.

இப்போது ஆடி. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் வீட்டில் இருக்கிறேன், அதனால்தான் இதை எழுத நேரம் கிடைத்தது. அவர் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சும்மா என்றேன். ஆவணி பிறக்க இன்னும் பதினெட்டு நாள். மாத்திரை ஒன்பது இருக்கிறது.